வலையருகே நிற்பவனின் முதுகு

மைதானத்தை விட்டு வெளியே வந்து கன்டோன்மென்ட் ஸ்டேஷனை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். பிரவீன் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். டபுள்ஸ் ஆடுகிற இரண்டு பேர் மைதானத்திலிருந்து வரும்போது பக்கம் பக்கமாகத்தான் வருவார்கள். தோற்றால்கூட அப்படித்தான், திட்டிக்கொள்வதற்காவது பக்கத்தில் இருக்க வேண்டுமே. இவன் ராக்கெட் பையைத் தோள் மாற்றித் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனான். பார்த்தவர்கள் நாங்கள் தோற்றுவிட்டு வருகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். நாங்கள் ஜெயித்திருந்தோம்.

அந்த ஆட்டத்தின் கடைசி கேமில்தான் அது ஆரம்பித்தது. சர்வீஸ் பிரவீனுடையது. அதுவரை நல்ல வேகத்தில் போட்டவன், பந்தை மேலே எறிந்தான், அடிக்காமல் பிடித்துக்கொண்டான். மறுபடி எறிந்தான், மறுபடி பிடித்தான். பிறகு அடித்த பந்து வலையின் அடியில் முட்டியது. அடுத்த பந்து கோட்டைத் தாண்டிப் பின்வேலிக்கே போய்விட்டது. எதிரே இருந்தவர்கள் எங்களைவிட அதிகம் பயந்ததால் தப்பித்தோம்.

இப்போது டபுள்ஸ் ஆட வந்திருக்கிற உங்களுக்கு நான் ராக்கெட் பிடிப்பது பற்றி எதுவும் எழுதப்போவதில்லை. அதை என்னைவிட நன்றாகச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கோலார் தங்க வயலில், மாரிகுப்பத்தில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் வளர்ந்தவன். கிளப்பில் பந்து பொறுக்கி ஆட்டம் பழகி, பிறகு எந்த ஊரில் போட்டி என்றாலும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறவனாக இருந்தேன். போட்டி இல்லாத மாதங்களில் கோவாவில் ஓட்டலில் பாத்திரம் கழுவியிருக்கிறேன், மாலூரில் செங்கல் ஏற்றியிருக்கிறேன். ரேங்க் பட்டியலில் என் பெயரைப் பார்க்க வேண்டுமென்றால் விரலால் திரையைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பெரிய வெற்றி எதுவும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் பார்ட்னரோடு வாழ்வது பற்றிக் கொஞ்சம் தெரியும். அந்த வாரத்தைத்தான் எழுதுகிறேன்.

முதலில் வலையருகே நிற்பதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பார்ட்னர் சர்வீஸ் போடும்போது நீங்கள் வலைக்குப் பக்கத்தில், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பீர்கள். பந்து பின்னாலிருந்து உங்கள் காதோரமாகப் போகும். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் எதிராளி உங்களைத் தாண்டி அடித்துவிடுவான் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், திரும்பினால் பின்னால் இருப்பவனுக்குத் தெரிந்துவிடும், இவனுக்கு என் மேல் பயம் வந்துவிட்டது என்று. அன்று கடைசி கேமில் நான் திரும்பவில்லை. ஆனால் தோள் இரண்டும் காதுவரை ஏறி நின்றதைப் பிரவீன் பார்த்திருப்பான்.

அந்த வாரம் எங்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், ஒரு வாரத்தில் வாங்குகிற பாயின்ட் ஒரு வருடம்தான் நிற்கும். முந்தின வருடம் இதே வாரத்தில் நாங்கள் இருவரும் வாங்கியது அடுத்த திங்கட்கிழமை கழியப்போகிறது. அரையிறுதிக்குப் போனால் ஈடுகட்டிவிடலாம். போகாவிட்டால் அடுத்து வரும் போட்டிகளில் எங்கள் ஜோடிக்கு இடமே கிடைக்காது. எனக்கு அப்போது முப்பத்தைந்தை நெருங்குகிற வயது. ஒருமுறை கீழே போனால் மறுபடி ஏறி வர உடம்பில் காலம் இல்லை. பிரவீனுக்கு இருபத்திரண்டு. கோயம்புத்தூர்க்காரன். பெங்களூரில் அறை எடுக்க வேண்டாமென்று எங்கள் வீட்டிலேயே தங்கி, மாரிகுப்பம் ரயிலில் என்னோடு போய் வந்துகொண்டிருந்தான்.

அந்த ரயிலைப் பிடிக்கிற கூட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். காலையில் தூங்கிக்கொண்டு போகும், மாலையில் சீட்டாடிக்கொண்டு வரும். எங்கள் பெட்டியில் தனபால் மாமா என்று ஒருவர். ஒயிட்ஃபீல்டில் செக்யூரிட்டி வேலை. உறவு ஒன்றும் கிடையாது. லைனில் எல்லோருக்கும் மாமா.

"இன்னா டென்னிஸு, மூஞ்சி தொங்கிக்கினு கீது? தோத்துட்டீங்களா?"

"ஜெயிச்சோம் மாமா."

"ஜெயிச்சா இப்படியா வருவாங்க? புருசன் பொஞ்சாதி சண்ட போட்ட மாதிரி இவன் ஒரு ஜன்னல், அவன் ஒரு ஜன்னல். ஏம்பா கோயம்புத்தூரு, இவன் எதனா சொன்னானா?"

"இல்லீங்க மாமா. தலை வலிக்குதுங்க," என்றான் பிரவீன்.

"தலை வலிக்குதாம். டேய், யார்னா தைலம் வெச்சுக்கினு கீறீங்களா?"

பெட்டியில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தைலக் குப்பி கைமாறி வந்தது. பிரவீன் வேறு வழியில்லாமல் வாங்கித் தேய்த்துக்கொண்டான். கண்ணில் நீர் வந்தது. தைலம் என்றுதான் நினைத்தேன்.

வீட்டில் அம்மா மட்டும்தான். சபையில் பாட்டுக்கு முன்வரிசையில் நிற்கிறவர். சாப்பாட்டுக்கு முன்னாலும், வெளியே கிளம்புவதற்கு முன்னாலும் ஜெபம் பண்ணாமல் யாரையும் விடமாட்டார். புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிற ஜெபம் இல்லை. அன்றைக்கு யார் யாருக்கு என்ன வேண்டுமோ, அதைப் பேர் சொல்லிக் கேட்கிற ஜெபம். பிரவீன் நெற்றியில் திருநீறோடு, கைகட்டி, தலை குனிந்து நிற்பான். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது.

அன்று மாலை தட்டில் சோறு போட்ட பிறகு அம்மா கண்ணை மூடினார்.

"கர்த்தாவே, இந்த ரெண்டு பிள்ளைங்களையும் இன்னிக்கு ஜெயிக்க வெச்சீரு, ஸ்தோத்திரம். பிரவீன் தம்பி தோளுக்கு பெலன் தாரும். எங்கிருந்தோ வந்தான், எம்புள்ளைக்கு ஜோடியா குடுத்தீரு. இந்த ரெண்டு பேரையும் பிரிக்காம, கடைசிவரைக்கும் ஒண்ணா நடத்தும்."

நான் ஆமென் சொன்னேன். பிரவீன் சொல்லவில்லை. அவன் ஒருபோதும் சொல்வதில்லை என்பதால் நான் கவனிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"இன்னாப்பா, காரமா?" என்றார் அம்மா.

"இல்லீங்கம்மா. நல்லா இருக்குதுங்க."

மறுநாள் காலை போனில் செய்தி வந்தது. பெங்களூரில் மழை, அன்றைய ஆட்டங்கள் எல்லாம் தள்ளிவைப்பு, காலிறுதியும் அரையிறுதியும் சேர்த்து அடுத்த நாள். எங்கள் ஊரில் ஒரு துளி இல்லை. காற்று மட்டும் அடித்தது. தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி பறந்து வந்து வாசலில் படிந்தது. ஒருநாள் கிடைத்தது நல்லதுக்கே என்று பிரவீனை கிளப்புக்குக் கூட்டிப்போனேன். சுரங்கக் கம்பெனி அதிகாரிகள் ஆடிய மண் கோர்ட் ஒன்று அங்கே இன்னும் ஆடுகிற நிலையில் இருந்தது. வாட்ச்மேன் என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர், வலையைக் கட்டிக்கொடுத்தார்.

நான் வலையருகே முதுகைக் காட்டி நின்றேன். அவன் பின்னாலிருந்து சர்வீஸ் போட வேண்டும். எதிரே ஆள் கிடையாது. ஜெயிப்பதற்கோ தோற்பதற்கோ எதுவும் இல்லை. அப்படியும் அவன் கை வரவில்லை. பந்து மேலே போகிற சத்தம் கேட்காது. ஆனால் அவன் மூச்சை இழுப்பது கேட்கும். இழுத்தான். விட்டான். இழுத்தான். விட்டான். நான் எதிர்ப்பக்கத்து வேலியையே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். உங்களில் யாராவது அப்படிக் காத்திருந்தால் தெரியும், அடிக்கப்போகிற பந்தைவிட அடிக்கப்படாத பந்துதான் முதுகில் அதிகம் உறுத்தும்.

கடைசியில் அடித்தான். என் வலது தோள்பட்டைக்குக் கீழே வந்து விழுந்தது. மூச்சு நின்றுவிட்டது.

"சாரிங்ண்ணா, சாரிங்ண்ணா," என்று ஓடிவந்தான்.

எனக்கு வேறொருவர் ஞாபகம் வந்தார். பல வருடங்களுக்கு முன் ஒரு பரிசுப் போட்டியில் என்னோடு கலப்பு இரட்டையர் ஆடிய பெண். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பேங்கில் வேலை பார்த்தவர். அவர் பெயர் இங்கே வேண்டாம். முதல் கேமில் நான் ஒவ்வொரு தப்புக்கும் சாரி சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஆட்டத்தை நிறுத்தி, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இன்னொரு வாட்டி சாரி சொன்னே, நான் வீட்டுக்குப் போயிடுவேன். நீ சாரி சொல்றப்ப எல்லாம் நான் உன்ன மன்னிக்க வேண்டியிருக்கு. எனக்கு ஆடவே நேரமில்ல." அன்றிலிருந்து கோர்ட்டில் நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

அதையே பிரவீனிடம் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தோள் வலிக்குதா?"

"இல்லீங்ண்ணா."

"பந்தை ரொம்ப மேலே எறியறே. காத்து அடிக்குது. கொஞ்சம் கீழே எறி."

"சரிங்ண்ணா."

"முழங்கை தாழுது. பார்த்தியா?"

"சரிங்ண்ணா."

எங்களைப் போன்றவர்கள் செய்கிற தப்பு இதுதான். ஒருவனுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை என்றால் நாம் அவன் முழங்கையைப் பார்ப்போம். வாழ்க்கையில் எது கெட்டாலும் அது பந்து எறிகிற உயரத்தில்தான் கெட்டிருக்கிறது என்று நம்புவோம். அன்று முழுக்க அவன் முழங்கையைத் திருத்திக்கொண்டிருந்தேன். திருத்தத் திருத்த மோசமானது. சாயங்காலம் என் முதுகில் இன்னொரு இடமும் கன்றியிருந்தது. நாளை இரண்டாவது செட்டுக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஆண்டர்சன்பேட்டையில் பன்னும் டீயும் வாங்கிக்கொடுத்து, ஒன்றும் நடக்காத மாதிரி வேறு கதை பேசிக்கொண்டு கூட்டிவந்தேன்.

ஆட்டத்தன்று காலை ரயிலுக்குக் கிளம்பிப் பைகளோடு வாசலில் நின்றோம். அம்மா கண்ணை மூடினார். அதே ஜெபம். பெலன் தாரும், ஜெயம் தாரும், அப்புறம், "இந்த ரெண்டு பேரையும் பிரிக்காம..."

"அம்மா, அதைக் கேக்காதீங்கம்மா."

பிரவீன்தான். அம்மா கண்ணைத் திறக்கவில்லை. அவர் ஜெபத்தில் யாரும் இதுவரை குறுக்கே பேசியதில்லை.

"நான் அடுத்த மாசத்துல இருந்து வேற ஒருத்தருகூட ஆடறதுக்கு ஒத்துக்கிட்டனுங்க. அண்ணங்கிட்ட சொல்லல. இங்க வந்து உங்க கையில சாப்டுட்டு இருக்கறனுங்க. நீங்க டெய்லி இதையே கேக்கறீங்க. என்னால முடியலீங்கம்மா."

என் கையில் பை இருந்தது. அதைக் கீழே வைக்க வேண்டுமா, தோளில் போட வேண்டுமா என்று தெரியவில்லை. அம்மா இன்னும் கண்ணை மூடியபடியே நின்றார். பிறகு, "உமக்குச் சித்தமானபடி செய்யும். ஆமென்," என்று முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"ஆமா, அந்தப் பையன் நல்லா ஆடுவானா?"

"நல்லா ஆடுவாருங்கம்மா. ரேங்க் மேல இருக்குதுங்க."

"சரி. டிரெய்னுக்கு நேரமாவுது. வழியில துன்றதுக்கு இட்லி கட்டி வெச்சிருக்கேன், எடுத்துக்கினு போங்க. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் கட்டினேன், பிரிச்சு கட்ட இப்ப நேரமில்ல."

அன்று ரயிலில் தனபால் மாமா எங்களைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. கிண்டல் செய்கிறவர்களுக்கு எப்போது வாயை மூட வேண்டும் என்று தெரிந்திருக்கும். பங்காருபேட்டை தாண்டிய பிறகு பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தேன். இருவரும் சாப்பிட்டோம். பிரவீன் நன்றாகச் சாப்பிட்டான். மூன்று நாளில் முதல்முறையாக. என் பங்கிலும் இரண்டை அவன் பக்கம் தள்ளினேன்.

கோபம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் அவன் மேல் நியாயமாகக் கோபப்பட முடியவில்லை. நானும் சிலரை விட்டுப் போயிருக்கிறேன். அதைவிட அதிகம் பேர் என்னை விட்டுப் போயிருக்கிறார்கள். அவன் வயதில், அப்படி ஒரு ஆள் கூப்பிட்டால், நானும் போவேன். எனக்குப் பயம்தான் அதிகம். டபுள்ஸில் இடம் கிடைப்பது இருவர் ரேங்கையும் கூட்டிப் பார்த்துத்தான். இன்று ஜெயித்து என் பாயின்டைக் காப்பாற்றினாலும் என் கையில் இருப்பது பாதி டிக்கெட். மீதிப் பாதி அடுத்த மாதம் வேறு விமானத்தில் போகிறது. அப்படியானால் இன்றைக்கு எதற்காக ஆடப்போகிறேன்? ஒயிட்ஃபீல்டில் மாமா இறங்கும்வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பாதி டிக்கெட்டாவது இருந்தால்தான் மீதியைத் தேட முடியும் என்று மட்டும் தோன்றியது.

காலிறுதியில் எதிரே நாகராஜ் என்கிற ஹூப்ளிக்காரன், கூட டெல்லிப் பையன் ஒருவன். நாகராஜ் ஆள் உயரம், வாய் அதைவிட உயரம். எல்லா ஊர் மைதானத்திலும் நடுவரோடு சண்டை போட்டவன். யாரையும் குரு என்றுதான் கூப்பிடுவான்.

முதல் கேமிலேயே பிரவீனுக்குப் பழைய சர்வீஸ் திரும்பி வந்துவிட்டது. திரும்பி வந்தது என்று சொன்னால் போதாது. என் காதுக்குப் பக்கத்தில் துப்பாக்கி சுட்ட மாதிரி போனது. முழங்கை அதே இடத்தில்தான் இருந்தது. பந்தும் அதே உயரம்தான். என் முதுகுக்குப் பின்னால் அவன் மறைத்து வைத்திருந்தது இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

என் சர்வீஸ் வந்தபோது நான் பேஸ்லைனில் நின்றேன். முன்னால், வலையருகே, பிரவீனின் முதுகு. நீலச் சட்டை, நடுவில் வியர்வைக் கோடு. இரண்டு வருடமாகப் பார்க்கிற முதுகு. அடுத்த மாதம் இது வேறொருவன் கண்ணுக்கு முன்னால் நிற்கும் என்று நினைத்தேன். பந்தை எறிந்தேன். பிடித்துக்கொண்டேன்.

புரிந்துவிட்டது. அவனிடமிருந்து போனது என்னிடம் வந்துவிட்டது.

பார்ட்னரிடம் எதையும் மறைக்காதே, ஆட்டத்துக்கு முன்னால் சொல்லிவிடு என்று உங்களுக்கு எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சொல்லாமல் இருந்தால் அவன் கை போகும். சொன்னால் உங்கள் கை போகும். யாரோ ஒருவர் கை போகத்தான் போகிறது. அதோடு எப்படி ஆடுவது என்பதுதான் தொழில்.

பிரவீனின் சர்வீஸ் ஜெயிக்க, என் சர்வீஸ் தோற்க, எப்படியோ ஆளுக்கொரு செட் ஆனது. மூன்றாவது செட்டுக்குப் பதிலாக டை-பிரேக், முதலில் பத்து எடுப்பவர்கள் ஜெயிக்க வேண்டியது, ஆனால் இரண்டு வித்தியாசம் வேண்டும். ஏழுக்கு எட்டு என்று பின்னால் இருந்தபோது என் முறை வந்தது. இரண்டு சர்வீஸ் போட வேண்டும். முதலாவது பாயின்டில் இரண்டு பந்தும் வலையில். ஏழுக்கு ஒன்பது. இன்னும் ஒன்று போனால் ஆட்டம் முடிந்தது, பாயின்ட் முடிந்தது, என் கதையும் அநேகமாக முடிந்தது.

பிரவீன் வலையிலிருந்து என்னிடம் நடந்து வந்தான்.

"அண்ணா, நான் பின்னாடி வந்து நிக்கட்டுங்களா?"

வலையருகே நிற்பவன் பின்னால் போவது என்றால் மைதானத்தில் இருக்கிற எல்லோருக்கும் அர்த்தம் ஒன்றுதான்: சர்வீஸ் போடுகிறவன் செத்துவிட்டான். முந்தின நாள் கிளப்பில், முதுகில் இரண்டு அடி வாங்கிய பிறகும் நான் இடத்தை விட்டு நகரவில்லை. அதை மரியாதை என்று நினைத்திருந்தேன். இப்போது அவன் நகரட்டுமா என்று என்னிடமே கேட்கிறான். அவன் முகத்தைப் பார்த்தேன். அவமானப்படுத்த வந்தவன் முகமாக இல்லை.

"நில்லு," என்றேன். "என் கை மேலே போவல. இன்னா செய்யப் போறேன்னு எனக்கே தெரியல. நீ பின்னாடி நில்லு. எது வந்தாலும் எடு."

"சரிங்ண்ணா. நான் இருக்கறனுங்க."

அவன் பின்னால் வந்ததும் நாகராஜ் சிரித்தான். டெல்லிப் பையனிடம் என்னவோ சொல்லிவிட்டு, வசதியாக இன்னும் இரண்டு எட்டு பின்னுக்குப் போய் நின்றான். அவன்தான் என் சர்வீஸை வாங்க வேண்டியவன்.

நான் அப்போது செய்ததைத் தந்திரம் என்று பிறகு சிலர் சொன்னார்கள். தந்திரம் இல்லை. கை மேலே போகவில்லை. கீழேதான் போயிற்று. பந்தை இடுப்புக்குக் கீழே விட்டு, ராக்கெட்டால் அடியில் செதுக்கி, வலையைத் தாண்டியதும் விழுகிற மாதிரிப் போட்டேன். விதிப்படி சரியான சர்வீஸ்தான். ஆனால் பரிசுப் பணத்துக்கு ஆடுகிறவர்கள் மத்தியில் அதைப் போட்டால் எதிராளி முகத்தில் துப்பியதாகத்தான் எடுத்துக்கொள்வான்.

நாகராஜ் ஓடி வந்தான். அவ்வளவு உயரம், அவ்வளவு தூரம். பந்து இரண்டாவது தடவை குதித்த பிறகு வந்து சேர்ந்து, நிற்க முடியாமல் வலையின் மேல் சாய்ந்தான்.

"இது டென்னிஸா? குரு, இது டென்னிஸா? வீட்டுல பாப்பாவோட ஆடறியா?"

நடுவர் எட்டு ஒன்பது என்றார். டெல்லிப் பையன் பின்னாலிருந்து இந்தியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்: அவ்வளவு தள்ளி யார் நிற்கச் சொன்னது. நாகராஜ் திரும்பினான். நான் பிரவீனைப் பார்த்தேன், பிரவீன் என்னைப் பார்த்தான். எதிரே ஒரு ஜோடி எங்கள் கண் முன்னால் உடைந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கச் சந்தோஷமாக இல்லை. எங்களுடையது உடைந்த சத்தம் காலையிலேயே கேட்டுவிட்டது என்பதால்தான் நாங்கள் அமைதியாக நின்றோம்.

அடுத்த இரண்டு சர்வீஸும் நாகராஜுடையது. கோபத்தில் முதல் பாயின்டில் இரண்டு பந்தையும் வெளியே போட்டு டபுள் ஃபால்ட் செய்தான். இரண்டாவதில் சுலபமான ஸ்மாஷை வெளியே அடித்தான். பத்து ஒன்பது. பிறகு பிரவீனின் முறை. நான் வலையருகே போய் முதுகைக் காட்டி நின்றேன். அந்த வாரத்தில் முதல்முறையாகத் தோள் இறங்கி நின்றது. பந்து போனதை நான் பார்க்கவில்லை, காதில் காற்று மட்டும் பட்டது. எதிரே யாரும் அதைத் தொடவில்லை.

கைகொடுக்கும்போது நாகராஜ் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கள்ள ஆட்டம்," என்றான்.

மாலை அரையிறுதியில் எங்களைவிட ரொம்பப் பெரிய ஆட்டக்காரர்கள். சீக்கிரமே தோற்றோம். அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. கழிய வேண்டிய பாயின்ட் ஈடுகட்டியாகிவிட்டது.

கன்டோன்மென்ட் ஸ்டேஷன்வரை பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். அவன் காலையிலேயே எல்லா உடைமைகளையும் எடுத்து வந்திருந்தான். கோயம்புத்தூர் வண்டி தனி.

"எப்ப ஒத்துக்கினே?"

"முதல் ஆட்டத்துல, கடைசி கேமுக்கு முன்னாடி சேஞ்ச்-ஓவர்லீங்ண்ணா. அவரு வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு, சரியான்னு கையைக் காட்டினாரு. நானும் தலையை ஆட்டிட்டனுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கம் மாறுகிற அந்த சேஞ்ச்-ஓவர் இடைவேளையில் நான் அவனுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஊருக்குக் கிளம்பிட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிருங்ண்ணா."

"நீயே போன் பண்ணிச் சொல்லு. உன் போன் வரலேன்னா எனக்குத்தான் திட்டு."

வீட்டுக்குப் போனதும் அம்மா, ஜெயித்தீர்களா என்று கேட்கவில்லை. "அந்தப் பையன் சாப்டானா?" என்றுதான் கேட்டார். சாப்பிட்டான் என்றேன்.

மறுநாள் காலை முழங்கால் வீக்கத்துக்குத் துணியைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரம், புது மாதம் பிறந்ததும், தார்வாடில் போட்டி. ஜோடிப் பெயர் கொடுக்க மதியம்வரைதான் கெடு. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்து பார்த்தாயிற்று. எல்லோருக்கும் ஆள் இருந்தது. ஒருவன் நான் பேர் சொன்னதும், அந்தக் கீழ்க்கை சர்வீஸ் ஆளா என்று கேட்டான். அவ்வளவு சீக்கிரம் பரவியிருந்தது. செங்கல் சூளைக்காரரின் நம்பர் இருக்கிறதா என்று போனில் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அது அடித்தது.

"குரு, அடுத்த வாரம் யார் கூட ஆடறே?"

நாகராஜ். கன்னடத்தில்தான் பேசினான்.

"யாரும் இல்ல."

"உன் பையன்?"

"போயிட்டான். உன் பையன்?"

"அவனும் போயிட்டான். நேத்து என்கூட ஹூப்ளி பஸ்லயே ஏறல." பிறகு அவனே தொடர்ந்தான். "நீ போட்டது கள்ள ஆட்டம்தான். அதை வாபஸ் வாங்க மாட்டேன்."

"வாங்க வேணாம்."

"நான் முன்னால நிக்கறப்ப அதைப் போடறதா இருந்தா முதல்லயே சொல்லிடணும்."

"சொல்லிடறேன்."

"சரி, நீ எந்தப் பக்கம்?"

டபுள்ஸில் எதிராளியின் சர்வீஸை வாங்கும்போது ஒருவன் வலது பக்கம் நிற்பான், ஒருவன் இடது. ஒரு போட்டிக்குள் பக்கத்தை மாற்ற மாட்டார்கள். பலர் ஆயுள் முழுக்க மாற்ற மாட்டார்கள். ஆட வந்த நாளிலிருந்து நான் வலது பக்கம். என் கை, கண், கால் எல்லாம் அந்தப் பக்கத்துக்கே பழகியவை. முந்தின நாள் முழுக்க நாகராஜும் வலது பக்கத்தில்தான் நின்றான்.

"இடது," என்றேன்.

"நேத்து வலதுல நின்னியே."

"அது நேத்து."

அவன் சிரித்தான். மதியத்துக்குள் எங்கள் இருவர் பெயரையும் கொடுத்தான். அதன் பிறகு ஆடிய வருடங்கள் எல்லாம் நான் இடது பக்கத்து ஆட்டக்காரன்.